மணலுக்கு வேண்டியதும் வேண்டாததும்

எழுவான்கரை என்று நாம் அழைக்கும் நிலம், இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு மாவட்டத்தின் கல்லடியில் தொடங்கிக் காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்லாறு என்று தெற்கே நீண்டு, அம்பாறை மாவட்டத்தின் கல்முனையையும் தாண்டிப் போகின்ற ஒடுங்கிய மணல் தரையாகும். கிழக்கே கடல், மேற்கே ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவி. இரண்டு பக்கமும் உப்பு நீர் இருந்தும் நமது கிணறுகளில் நல்ல தண்ணீர் ஊறுவதற்குக் காரணம், மார்கழி மழை மணலுக்குள் இறங்கி, பாரம் கூடிய உப்பு நீரின்மேல் ஒரு மெல்லிய படையாகத் தங்கி நிற்பதுதான். அந்தப் படையை நம்பித்தான் இந்த ஊர்கள் உண்டாயின. இந்த மண்ணில் கிணறு வெட்டுவதற்கு அதிக ஆழம் போக வேண்டியதில்லை. மழைகாலத்தில் குனிந்து வாளியில் அள்ளுமளவிற்குத் தண்ணீர் மேலே வந்து நிற்கும்.

தண்ணீர் இவ்வளவு இலகுவாக இறங்கும் மண்ணில், தண்ணீரோடு கரைந்து வருகின்ற எதுவும் அதே இலகுவில் இறங்கிவிடும் என்பதை நாம் போதிய அளவு யோசிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. களிமண் நிலத்தில் அழுக்கு நீர் ஒரு தடையைச் சந்திக்கும். இறங்குவதற்கு நாட்கள் எடுக்கும். அதற்குள் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் ஓரளவாவது அதைச் சிதைத்துவிடும். கடற்கரை மணலில் அந்தத் தடையும் இல்லை, அந்த அவகாசமும் இல்லை. ஒரு வளவின் மூலையில் குவித்த குப்பையின் மேல் பெய்த மழை, அடுத்த வளவின் கிணற்றுக்குப் போய்ச் சேர்வதற்கு அதிக காலம் தேவைப்படாது. நகரங்களில் குப்பையைக் கண்டபடி கொட்டுவதால் நிலம் கெடுகிறது என்று பொதுவாகப் பேசுகிறோம். எங்கள் கரையில் நிலம் கெடுவதும் நீர் கெடுவதும் ஒரே நிகழ்ச்சி.

உன்னிச்சைக் குளத்து நீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய்வழி வரத் தொடங்கிய பின்னர், பல வீடுகளில் கிணற்றைப் பற்றிய கவனம் குறைந்துவிட்டது. முன்னர் கிணற்றடியில் எச்சில் துப்பினால்கூட ஏசுகின்ற பெரியவர்கள் இருந்தார்கள். இன்று அதே கிணற்றிலிருந்து சில அடி தள்ளிப் பொலித்தீன் எரிகிறது. பாவித்த பம்பர்ஸ் புதைக்கப்படுகிறது. ஆனால் குளிப்பதற்கும், உடுப்புத் துவைப்பதற்கும், மரக்கறித் தோட்டத்திற்கும், குழாய்நீர் தடைப்படும் நாட்களில் சமைப்பதற்கும் நாம் திரும்பிப் போவது அந்தக் கிணற்றிடம்தான்.

குப்பையில் உண்மையான தீங்கு எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மரக்கறித் தோல், மீன் செதில், சோறு, தேங்காய்த் துருவல், வாழைத்தடல், முற்றத்துச் சருகு ஆகிய இவை எதுவும் தனியே இருக்கும்போது நஞ்சு அல்ல. காற்றுப் படும்படி மண்ணோடு கலந்து வைத்தால் சில மாதங்களில் எருவாகிவிடும். ஒரு பழைய பற்றரியோ உடைந்த ரியூப் லைட்டோ தனியே ஒரு பெட்டிக்குள் இருக்கும்போது, அதனுள் இருக்கும் ஈயமும் பாதரசமும் அதிக தூரம் போவதில்லை. ஒரு சொப்பிங் பை கழுவிக் காயவைத்து மடித்து இருக்கும்போது யாருக்கும் கெடுதி செய்வதில்லை. இவை மூன்றையும் ஒரே பைக்குள் போட்டுக் கட்டி, ஒரே மேட்டில் கொட்டி, அதன்மேல் இன்னும் பத்து அடிக்குக் கொட்டும்போதுதான் எல்லாம் மாறிப்போகிறது. காற்று இல்லாத இடத்தில் சோறும் மீன் கழிவும் அழுகும்போது அமிலங்கள் உண்டாகின்றன. அந்த அமிலம் பற்றரியின் உலோகங்களைக் கரைத்துக் கறுத்த கசிவுநீராக மணலுக்குள் இறக்குகிறது. அதே அழுகலில் மீதேன் வாயு பிறக்கிறது. பொலித்தீன் அதற்கு விறகாகிறது. ஒரு தீப்பொறி விழுந்தால் மேடு முழுவதும் உள்ளுக்குள்ளேயே எரிகிறது. உணவின் மணம் பையில் ஏறிவிடுவதால் மாடும் யானையும் பையையே உணவென்று விழுங்குகின்றன. கசிவுநீர், தீப்புகை, விலங்குகளின் சாவு ஆகிய மூன்றும் மூன்று வேறு பிரச்சினைகள்போலச் செய்தித்தாள்களில் வருகின்றன. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: கலந்து கட்டிய பை.

திருப்பெருந்துறையை மட்டக்களப்பில் இருப்பவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வாவிக்கு அண்மையில், குடியிருப்புகளுக்கும் அண்மையில், நகரத்தின் குப்பை பல வருடங்களாகக் கொண்டுபோய்க் குவிக்கப்பட்ட இடம் அது. 2017இல் அந்த மேடு தீப்பற்றி எரிந்தபோது, புகை எப்படிப்பட்டது என்பதைச் சுற்றியிருந்த மக்கள் மூச்சால் அறிந்தார்கள். அதே ஆண்டு ஏப்பிரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று, கொழும்புக்கு அருகில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியதில் 32 பேர் இறந்திருந்தார்கள். எனவே குப்பைமேடு என்றாலே நாடு முழுவதும் அச்சம் நிறைந்திருந்த காலம் அது. திருப்பெருந்துறை மக்கள் எதிர்த்து நின்றதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. தங்கள் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றுக்காக அவர்கள் வீதிக்கு வந்தார்கள். அங்கே கொட்டுவது நின்று, நகரத்தின் குப்பை செங்கலடிக்கு அப்பால் கொடுவாமடுவுக்குப் போகத் தொடங்கியது.

கொடுவாமடுவில் இருப்பது வெறும் குப்பைமேடு அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில், ஐக்கிய நாடுகளின் திட்டச் சேவைகள் அலுவலகத்தின் பணியாக, முறைப்படி கட்டப்பட்ட நிரப்பிடம் அது. அத்தகைய இடங்களில் அடித்தளத்தில் நீர் புகாத விரிப்பு இடப்படும். கசிவுநீரைச் சேர்த்தெடுக்கக் குழாய்கள் இருக்கும். கொட்டிய குப்பையை மண்ணால் மூடி அமுக்குவார்கள். இது நல்ல ஏற்பாடு. ஆனால் எந்த நிரப்பிடத்திற்கும் ஒரு கொள்ளளவு உண்டு. இலங்கையின் வீட்டுக் குப்பையில் பாதிக்கும் மேற்பட்டது உக்கக்கூடியது. எருவாக வேண்டிய அந்தப் பெரும்பங்கையும் ஈரத்தோடு ஏற்றிக்கொண்டு, எரிபொருளைச் செலவழித்து, வெகுதூரம் கொண்டுபோய், கட்டிய நிரப்பிடத்தின் ஆயுளைக் குறைக்கிறோம். வேறு வழியே இல்லாத குப்பைக்காகக் கட்டிய இடத்தைக் கீரைத் தண்டாலும் பூசணித் தோலாலும் நிரப்புவது பெரும் வீண் என்பது எனது துணிபு.

பராமரிப்புக் கைவிடப்பட்டால் நல்ல ஏற்பாடும் என்ன ஆகும் என்பதற்கு அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காடு சாட்சியாக இருக்கிறது. ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் அப்பால், யானைகள் நடமாடும் காட்டின் விளிம்பில் அமைந்த இடம் அது. அதுவும் ஐரோப்பிய உதவியோடு, 2008இல் உருவாக்கப்பட்டதுதான். சுற்றியுள்ள ஒன்பது ஊர்களின் குப்பை அங்கே வந்து சேர்ந்தது. ஆனால் மீள்சுழற்சி நடைபெறவில்லை. 2014இல் மின்வேலியை இடி தாக்கியது, அது திருத்தப்படவில்லை, யானைகள் உள்ளே வந்தன. 2022 ஜனவரியில் மேலும் இரண்டு யானைகள் இறந்து கிடந்தபோது, எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் அங்கே பிளாஸ்டிக்கை உண்டு இறந்திருந்ததாகச் செய்திகள் வெளிவந்தன. பிரேதப் பரிசோதனையில் வயிற்றினுள் பொலித்தீனும் உணவு சுற்றிய தாள்களும் தண்ணீரும்தான் இருந்தனவாம். யானை வழக்கமாக உண்ணும் புல்லோ இலையோ இல்லை.

அந்தச் செய்தியை வாசித்தபோது என்னை மிகவும் வருத்தியது, அந்தப் பைகள் எங்கிருந்து போயின என்ற எண்ணம். காட்டுக்குள் யாரும் சொப்பிங் பை உற்பத்தி செய்வதில்லை. கரையோர ஊர்களின் சமையலறைகளிலிருந்து, மிஞ்சிய சோற்றையும் இறைச்சி எலும்பையும் உள்ளே வைத்து முடிச்சுப் போட்டு அனுப்பப்பட்ட பைகள் அவை. அந்த முடிச்சை அவிழ்க்க யானைக்குத் தெரியாது. ஊருக்குள் வரும் யானைகளால் பயிரும் உயிரும் இழக்கின்ற குடும்பங்கள் அம்பாறையில் ஏராளம் இருக்கின்றன; அவர்களின் துயரத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் மனிதர் உணவின் சுவையைக் குப்பைமேட்டில் பழகிக்கொண்ட யானை, அந்த மணத்தைத் தேடி வீட்டு வேலிக்கும் வருவது இயல்பு. ஆகவே அந்தக் குடும்பங்களின் துயரத்திலும் இந்தப் பைகளுக்குப் பங்கு உண்டு.

இன்னொரு வழக்கத்தைப் பற்றியும் இங்கே எழுதாமல் போக முடியாது. வாவியோரத்துப் பள்ளக் காணிகளைக் குப்பையால் நிரப்பி, மேலே கிரவல் பரவி, வீட்டுக்காணியாக்குகின்ற வழக்கம் நமது கரையில் பல ஊர்களில் உண்டு. காணி இல்லாத கொடுமையும் இதற்குப் பின்னால் இருக்கிறது; காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற நெருக்கமான ஊர்களில் ஒரு பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுக்க நாலு பேர்ச் நிலம் தேடுவதற்கு ஒரு தகப்பன் என்ன பாடுபடுகிறார் என்பதை அறிந்தவர்கள் எளிதில் குற்றம் சொல்லமாட்டார்கள். ஆனாலும் நிரப்பப்படும் அந்தப் பள்ளம் வெறுங்காணி அல்ல. அங்கே நிற்கும் கண்டல் மரங்களின் வேர்களுக்கிடையில்தான் இறாலும் மீன்குஞ்சுகளும் வளர்கின்றன. மாரியில் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து வெள்ளம் வரும்போது, வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டித் திறக்கும்வரை அந்த நீர் வந்து தங்குவதும் இத்தகைய பள்ளங்களில்தான். பள்ளத்தை நிரப்பினால் வெள்ளம் நம்மைவிட்டுப் போய்விடாது. நிரப்பாத வீட்டின் வாசலுக்குப் போகும். அப்படிக் குப்பையின்மேல் கட்டிய வீட்டில் கிணறு வெட்டினால், தோண்டும்போதே பிளாஸ்டிக் போத்தல்களும் கிழிந்த பைகளும் மண்வெட்டியில் வரும். அந்தக் கிணற்று நீரைக் குடிப்பவர்கள் பெரும்பாலும் வேறு காணி வாங்க வசதியற்ற குடும்பங்களே.

இனி மணலைப் பற்றி. கடற்கரை மணலில் தோட்டம் செய்தவர்கள் அதன் குணத்தை நன்றாக அறிவார்கள். காலையில் ஊற்றிய தண்ணீர் மாலைக்குள் மறைந்துவிடும். போட்ட உரத்தை மழை கழுவிக்கொண்டு போய்விடும். அதில் தண்ணீரையும் சத்தையும் பிடித்து வைப்பதற்கு ஒரே வழி, உக்கிய சேதனப் பொருளைத் திரும்பத் திரும்பச் சேர்ப்பதுதான். சாணியும் சாம்பலும் சருகும் தென்னைமரத்தடியில் போட்டுத்தான் நமது முன்னோர் இந்த மணலில் தென்னையும் மாவும் முருங்கையும் வளர்த்தார்கள். முற்றம் கூட்டிய குப்பை அன்றைக்கும் இருந்தது. அது தென்னங்குழிக்குப் போனது. இன்று நாம் மணலுக்குத் தேவையான உக்கும் கழிவை உழவு இயந்திரத்தில் ஏற்றி வெளியூருக்கு அனுப்புகிறோம். மணலுக்கு ஒருபோதும் தேவைப்படாத பொலித்தீனை வளவிலேயே எரித்தும் புதைத்தும் வைத்துக்கொள்கிறோம். பசியோடு இருக்கும் பிள்ளையின் சோற்றைப் பறித்துவிட்டு அதன் வாயில் கல்லைத் திணிப்பதற்கு இது ஒப்பாகும். எரித்தால் தீர்ந்துவிட்டது என்ற எண்ணமும் தவறானது. பீவீசீ போன்ற பிளாஸ்டிக் குறைந்த வெப்பத்தில் எரியும்போது டயொக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. அது சாம்பலிலும் மண்ணிலும் தங்கி, அந்த மண்ணைக் கொத்தும் கோழியின் முட்டைக்கும் பசுவின் பாலுக்கும் ஏறுகிறது. தயிருக்குப் பேர்போன மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைக் கவனிக்காமல் இருப்பது எனக்குப் பெரும் கவலையைத் தருகிறது.

2021இல் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் திடீரென்று தடைசெய்தபோது, அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் நெற்செய்கையாளர்கள் சேதனப் பசளை தேடி அலைந்தார்கள். தடை அந்த ஆண்டு முடிவதற்குள் கைவிடப்பட்டது. முன்னாயத்தம் இல்லாத அந்த முடிவு விவசாயிகளுக்குச் செய்த அநியாயத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் அது தனிக் கட்டுரையாகிவிடும். நான் இங்கே சொல்ல விரும்புவது வேறு. ஒவ்வொரு நகரமும் நாள்தோறும் தொன் கணக்கில் உக்கும் கழிவைக் கொட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், அந்தக் கழிவில் ஒரு மூட்டையைக்கூட நம்பிக்கையோடு வயலுக்கு எடுத்துப் போக முடியவில்லை. கண்ணாடித் துண்டும் ஊசியும் பொலித்தீன் கிழிசலும் கலந்த எருவை, வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர் ஏன் வாங்க வேண்டும்? மத்திய சுற்றாடல் அதிகார சபையின் பிலிசரு திட்டத்தின்கீழ் 2008 முதல் நாட்டின் பல இடங்களில் கூட்டெரு நிலையங்கள் கட்டப்பட்டன. நிலையத்திற்கு வருகின்ற குப்பை கலந்து வந்தால், எத்தனை இயந்திரம் வைத்தாலும் வெளியே வருவது கலந்த எருதான்.

வீட்டில் பிரித்து வைத்தால் போதாதா என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நம்பி, எங்கள் வீட்டில் உக்குவதை ஒரு வாளியிலும் உக்காததை ஒரு உரப்பையிலும் வைத்துக் கொடுத்துவந்தேன். வாசலில் வந்து நின்ற உழவு இயந்திரத்தின் பெட்டியில் இரண்டும் ஒன்றாகவே கொட்டப்பட்டன. ஏன் தம்பி இப்படி என்று கேட்டதற்கு, அந்தத் தொழிலாளி மிகவும் மரியாதையாகவே பதில் சொன்னார்: "அக்கா, நீங்க பிரிச்சுத்தான் தாறீங்க. எங்களுக்கு இருக்கிறது ஒரு பெட்டிதானே. நாங்க என்ன செய்யிற?" அவருடைய கையில் உறை இல்லை. உடைந்த போத்தலும், நீரிழிவு நோயாளர் பாவித்த ஊசியும் எந்தப் பையில் இருக்கும் என்று தெரியாமல் வெறுங்கையால் அள்ளுகின்ற ஒருவரிடம் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுவல்ல. அந்தக் கேள்வி உள்ளூராட்சிச் சபைக்குரியது.

சட்டத்தைப் பார்த்தால் குறை அதிகம் இல்லை. உள்ளூராட்சிச் சபை சேகரிக்கும் குப்பை சபையின் உடைமை என்றும், அதை அகற்றுவது சபையின் கடமை என்றும் சட்டம் கூறுகிறது. 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீன், லன்ச் சீற், ரெஜிபோம் பெட்டி ஆகியவற்றுக்கும், பிளாஸ்டிக்கைத் திறந்தவெளியில் எரிப்பதற்கும் 2017 செப்டெம்பர் 1 முதல் தடை உண்டு. மாலை ஐந்து மணிக்கு எந்த ஒழுங்கையில் நடந்தாலும் அந்தத் தடையின் நிலை மூக்குக்குத் தெரியும். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும்வரை, கேட்பதற்கு வட்டார உறுப்பினர்கூட இல்லாத நிலை இருந்தது. இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய கிளீன் சிறீலங்கா வேலைத்திட்டத்தில் கடற்கரைகளைக் கூட்டித் துப்புரவாக்கிய இளைஞர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் பொறுக்கிச் சேர்த்த பைகளும் அதே ஒற்றைப் பெட்டியில்தான் ஏறும் என்றால், கடற்கரையின் குப்பை வேறொரு மண்ணுக்கு மாறுகிறதே தவிரக் குறைவதில்லை.

ஆகவே எங்கள் வட்டார உறுப்பினரிடம் நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து கேட்டிருப்பது பெரிய திட்டம் எதுவுமில்லை. பெட்டியின் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு வைக்கலாம். அல்லது உக்கும் கழிவுக்கு ஒரு நாளும் மற்றதற்கு வேறொரு நாளும் என்று கிழமையைப் பிரிக்கலாம். இரண்டாவதற்குச் செலவு எதுவுமே இல்லை. அறிவித்தல் ஒன்றும், அறிவித்தபடி நடக்கின்ற உறுதியும் போதும். தொழிலாளர்களுக்குக் கையுறையும் காலணியும் கொடுக்க வேண்டும். கோழிக்கடைக் கழிவு இரவில் வாவிக்குப் போகாமல் இருப்பதற்கு, அதைத் தனியே எடுத்துப் புதைக்கவோ எருவாக்கவோ கடைக்காரருக்கு ஒரு வழி காட்ட வேண்டும். வழி காட்டாமல் தண்டம் மட்டும் அறவிட்டால் அவர் இன்னும் இருட்டான இடத்தைத் தேடுவார். சபைக்கு வீட்டு வரியான சோலைவரி கட்டுகின்றவர்களுக்கு இவற்றைக் கேட்கின்ற உரிமை உண்டு என்று நான் நம்புகிறேன்.

எங்கள் ஒழுங்கையில் தென்னைமரத்தடியில் குழி வைத்திருக்கின்ற வீடுகள் இப்போது உக்கும் கழிவைப் பெட்டிக்குக் கொடுப்பதில்லை. மீன் கழிவைப் போட்டவுடன் ஒரு கை மண்ணும் சருகும் மூடினால் இலையானும் வராது, நாயும் கிளறாது என்பதை அயலில் இருக்கின்ற பெரியம்மாதான் எங்களுக்குக் காட்டித் தந்தார். அன்னதானத்திற்குத் தாமரை இலை வாங்குவது சில கோயில்களில் திரும்பவும் நடக்கிறது. அந்த இலையும் அப்படியே குழிக்குப் போகலாம். கழுவிக் காயவைத்த போத்தலையும் தகரத்தையும் பழைய இரும்பு வாங்குபவர் எடுத்துக்கொள்கிறார். பால் பக்கற்றும் பிஸ்கற் உறையும் மிஞ்சுகின்றன. அவை காய்ந்திருப்பதால் உரப்பையில் வாரக்கணக்கில் மணமின்றி இருக்கின்றன. எங்களால் இன்னும் வழி காண முடியாதது பாவித்த பம்பர்ஸும், படுக்கையில் இருக்கும் முதியோருக்குப் பாவிக்கும் பெரிய அணையாடையும்தான். கிணறு இவ்வளவு அருகில் இருக்கும்போது அவற்றைப் புதைக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது. அடியில் விரிப்புப் போட்ட நிரப்பிடம் அத்தகைய குப்பைக்காகவே இருக்கிறது. அங்கே அவற்றுக்கு இடம் இருக்க வேண்டுமானால், பூசணித் தோல் அங்கே போகாமல் இருக்க வேண்டும்.